வெயிலுக்குக் குடிபோனவர்கள்

ஸ்பெயினின் கடற்கரை நகரங்களில் வீடு வாங்கிக் குடியேறும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. ஊர் கிடைக்கிறதா?

ஜனவரி மாதத்துக் காலை. மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் வாசற்கதவைத் திறக்கவே மனம் வராத குளிர். ஸ்பெயினின் பெனிடோர்ம் நகரத்து லெவாந்தே கடற்கரைச் சாலையிலோ அரைக்கைச் சட்டை போட்ட தாத்தாக்கள் பேட்டரி வண்டிகளில் வரிசையாகப் போகிறார்கள். முன்கூடையில் ஒரு ரொட்டி, ஓர் ஆங்கில நாளிதழ், சில வண்டிகளில் ஒரு நாய்க்குட்டி. சாலையோர உணவகங்களில் முட்டை, பன்றி இறைச்சி, தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ் என்று இங்கிலாந்துக் காலைச் சாப்பாடு ஆவி பறக்க வருகிறது. சற்றுத் தள்ளி, ஸ்பானிய அரசின் முதியோர் சுற்றுலாத் திட்டமான இம்செர்சோவில் வந்த பாட்டிகள் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வெயிலில் காய்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

எதிரே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. பின்னால் புயிக் கம்பானா மலை. அதன் சிகரத்தில் யாரோ வெட்டி எடுத்தது போல ஒரு பிளவு. இவ்வூரில் இதற்கொரு கதை உண்டு. சூரியன் மறையும் கணத்தில் தன் காதலியின் உயிர் பிரியும் என்று அறிந்த ரோல்தான் என்ற அசுரன், வெயில் இன்னும் கொஞ்ச நேரம் அவள்மேல் விழட்டும் என்று மலையுச்சியைப் பெயர்த்தெறிந்தானாம். உருண்டு கடலில் விழுந்த அந்தத் துண்டுதான் தீவு.

கடைசி வெயிலைக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்ளத்தான் இந்தத் தாத்தாக்களும் வந்திருக்கிறார்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் சுற்றுலா வந்தவர் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார். திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவரின் வாழ்க்கை வேறு. அவரையும் அவருக்குப் பக்கத்து வீட்டு ஸ்பானியரையும் பற்றியது இந்தக் கட்டுரை.

மீனவர் குப்பத்தில் முளைத்த கோபுரங்கள்

1950-ல் பெனிடோர்மில் இருந்தவர்கள் மூவாயிரம் பேருக்கும் குறைவு. சூரை மீனுக்கு விரிக்கும் 'அல்மத்ராபா' வலைத்தொழிலில் இவ்வூர்க்காரர்கள் பேர்போனவர்கள். அந்த ஆண்டு பெத்ரோ சரகோசா மேயரானார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1956-ல் அவர் கொண்டுவந்த நகரமைப்புத் திட்டமும், 1960-களில் அதில் செய்த திருத்தமும்தான் இன்றைய அடுக்குமாடிக் காட்டுக்கு வித்து. கடற்கரையில் பிகினி அணியலாம் என்று அவர் ஆணையிட்டார்; தேவாலயத் தரப்பு கொதித்தது. உடனே வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட் வரை போய் சர்வாதிகாரி பிராங்கோவையே பார்த்துப் பேசித் திரும்பினார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

1967-ல் அலிக்காந்தே விமான நிலையம் திறந்ததும் வடக்கு ஐரோப்பா வந்து இறங்கியது. இன்று 186 மீட்டர் உயர ஹோட்டல் நிற்கும் இந்த ஊரின் பதிவேட்டில் 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஸ்பெயின் முழுவதும் பதிவு செய்து வாழும் பிரிட்டிஷார் இரண்டரை லட்சத்தைத் தாண்டுவர். அவர்கள் அதிகம் சேர்ந்திருப்பது இதே அலிக்காந்தே மாகாணத்தில்தான். தெற்கே உப்பளங்களுக்குப் பேர்பெற்ற தோரேவியேஹாவில் பிரிட்டிஷாரோடு உக்ரைனியரும் ரஷ்யரும் சேர்ந்து வாழ்கிறார்கள். சான் ஃபுல்ஹென்சியோ என்ற சிற்றூரில் ஸ்பானியரைவிட வெளிநாட்டவரே அதிகம்.

ஏன் ஸ்பெயின்? வெயில் ஒரு காரணம். நம்மவர்கள் அறிய வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஸ்பெயினில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் உயரும். ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இந்தியாவிலோ போய் வாழ்ந்தால் அங்கே முதலில் வாங்கிய தொகையிலேயே உறைந்துவிடும்.

சாவி கைக்கு வந்த பிறகு

வட இங்கிலாந்தின் பழைய வீட்டை விற்றால் இங்கே இரண்டு படுக்கையறை வீடு வாங்கி, கையிலும் கொஞ்சம் மிஞ்சும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பலர் கிளம்பினார்கள். வாங்கும்போது யாரும் சொல்லாத சின்ன விஷயம் ஒன்று: கோடைக்காகக் கட்டிய இந்த வீடுகளில் குளிர்காலத்தில் தெருவைவிட உள்ளேதான் அதிகம் குளிரும். ஓட்டுத் தரை, கனமில்லாத சுவர், சூடேற்ற வசதி இல்லை. ஜூலையில் பார்த்து வாங்கியவர் பிப்ரவரியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெரிய விஷயம் பத்திரம். வெளிநாட்டவர் ஸ்பெயினில் எதைச் செய்தாலும் முதலில் 'நியே' என்ற அடையாள எண் வேண்டும். பிறகு நொத்தாரியோ முன்னால் கையெழுத்து. அவர் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அதிகாரி; வாங்குபவரின் வக்கீல் அல்ல. இந்த வேறுபாடு புரியாமல், விற்கும் தரகர் கைகாட்டிய வக்கீலையே அமர்த்திக்கொண்டு மோசம் போனவர்கள் ஏராளம்.

2008 ஜனவரியில் அல்மெரியா மாகாணத்து வேரா என்ற ஊரில் நடந்ததைச் சொன்னால் இதன் கொடுமை விளங்கும். ஒரு முதிய பிரிட்டிஷ் தம்பதி நகராட்சி கொடுத்த அனுமதியோடு வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அந்த அனுமதியே செல்லாது என்றது மாநில அரசு. இயந்திரங்கள் வந்தன, அவர்கள் கண்முன்னே வீடு தரைமட்டமானது. அனுமதி கொடுத்த அலுவலகத்தை நம்பியதைத் தவிர அவர்கள் செய்த பிழை எதுவுமில்லை. நகராட்சிக்கும் மாநிலத்துக்கும் இடையிலான தகராறில் இடிபட்டது ஓர் ஆயுட்காலச் சேமிப்பு.

வலென்சியா மாநிலத்திலும் இப்படியொரு காயம் உண்டு. அங்கே 1994-ல் வந்த நிலச் சட்டத்தின்படி, கட்டுமான நிறுவனம் போட்ட திட்டத்துக்குள் உங்கள் தோட்டம் வந்துவிட்டால், நிலத்தில் ஒரு பகுதியையும் இழந்து சாலை, சாக்கடைச் செலவில் பங்கும் கட்ட வேண்டியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மார்கிரெதே அவுகென் கொடுத்த கண்டன அறிக்கையை அந்த நாடாளுமன்றம் 2009 மார்ச்சில் ஏற்றது. 2008-ல் வீட்டுச் சந்தை சரிந்தபோது, கட்டி முடிக்காத வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1968-லேயே முன்பணத்தைப் பாதுகாக்க ஒரு சட்டம் இருந்தது. கட்டுமான நிறுவனங்கள் பல அதை மதிக்கவில்லை. பணத்தைப் பெற்ற வங்கியும் பொறுப்பு என்று ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 2015 டிசம்பரில். ஏழாண்டு என்பது எழுபது வயதுக்காரருக்குச் சிறிய காலமல்ல.

■ பெட்டிச் செய்தி: கையிருப்புக் கணக்கு

பழைய வீடு வாங்கினால் வலென்சியா மாநிலத்தில் பல ஆண்டுகளாக 10 விழுக்காடு கைமாற்று வரி இருந்துவந்தது. நொத்தாரியோ, பதிவு, வக்கீல் செலவு தனி. ஆண்டில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் உலகம் முழுவதும் வரும் வருமானத்துக்கும் அங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும். 183 நாளுக்குக் குறைவாக வந்து போகிறவருக்கோ வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும் ஒரு கற்பனை வாடகையைக் கணக்கிட்டு வரி உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர், அதாவது இன்றைய பிரிட்டிஷாரும் நாமும், வேலை பார்க்காமல் அங்கே வாழ விசா கேட்டால் 2025 நிலவரப்படி ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் மேலும் 7,200 யூரோ. முழு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்துவந்த 'தங்க விசா' 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஒரு வாக்கெடுப்பு, ஒரு துண்டுக் காகிதம்

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று பிரிட்டன் வாக்களித்த நாள். அன்று ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 1.30 யூரோ; வெளியேறுவது என்று முடிவானபின், அக்டோபரில் 1.11-ஐ ஒட்டி வந்துவிட்டது. மாதம் 800 பவுண்டு ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் முன்பு 1,040 யூரோ பெற்றார் என்றால், சில மாதங்களில் அது 890-க்கும் கீழே போனது. அவர் ஒரு செலவும் கூட்டவில்லை. ஆனாலும் மாதம் 150 யூரோ காணாமல் போனது.

அடுத்த அடி, வெளியேற்றத்துக்கான இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31-ஆம் தேதி விழுந்தது. அன்றுவரை சட்டப்படி ஸ்பெயினில் வாழ்ந்தவர்களுக்குப் பழைய உரிமைகள் நீடிக்கும் என்று பிரிட்டனும் ஒன்றியமும் செய்த விலகல் ஒப்பந்தம் சொன்னது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாழ்ந்தேன் என்பதற்குச் சாட்சி?

ஸ்பெயினில் ஒவ்வொரு நகராட்சியும் 'பத்ரோன்' என்ற குடியிருப்போர் பதிவேடு வைத்திருக்கிறது. ஊருக்கு வந்து குடியேறிய எவரும், விசா இல்லாதவர்கூட, அதில் பெயர் எழுத வேண்டும். பல பிரிட்டிஷார் எழுதவில்லை. வரித்துறை தேடி வந்துவிடும் என்று சிலருக்குப் பயம். ஸ்பானிய மொழியில் அலுவலகம் ஏறி இறங்க வேறு சிலருக்குத் தயக்கம். வருஷக்கணக்கில் வாழ்ந்தும் காகிதத்தில் அவர்கள் ஊரில் இல்லை. அந்தத் தேதி நெருங்கியதும் 'தியே' என்ற புதிய அடையாள அட்டைக்காக ஓடினார்கள். ஓட்டத்தில் பிந்தியவர்கள், சாட்சி காட்ட முடியாதவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்கே விருந்தாளிகளானார்கள். 180 நாளில் 90 நாள் மட்டும் இருக்கலாம். மற்ற நாளில் வெளியேற வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு நன்றாகப் பழக்கமான கணக்கு இது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து அந்த 90 நாளைக் கணினியே எண்ணத் தொடங்கியிருக்கிறது.

ஓட்டுநர் உரிமத்தில்கூட இடி விழுந்தது. 2022 மே மாதம் முதல் 2023 மார்ச் வரை, ஸ்பெயினில் வாழும் பிரிட்டிஷார் தங்கள் நாட்டு உரிமத்தை வைத்துக் கார் ஓட்ட முடியவில்லை. பேருந்து எட்டிப் பார்க்காத மலையடிவாரக் குடியிருப்பில் எண்பது வயதில் கார் இல்லாமல் பத்து மாதம் என்றால் மருந்துக்கும் மளிகைக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நின்றிருக்க வேண்டும்.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி

குடியேறும்போது அறுபத்திரண்டு வயது. நீச்சல், நடை, மாலையில் மது, நண்பர்கள். இருபது ஆண்டு கழித்து அதே பால்கனியில் உட்கார்ந்திருப்பவருக்கு எண்பத்திரண்டு. விளம்பரப் படங்களில் இந்த வயது வருவதில்லை.

ஸ்பெயினின் அரசு மருத்துவம் தரமானது. பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு எஸ்-1 என்ற படிவம் இருந்தால் செலவை அவருடைய நாடே ஏற்கும். சிகிச்சையில் குறையில்லை, குறை வேறிடத்தில். ஸ்பானிய ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். துணைக்கு வருபவர் இரவு தங்குவதற்காக. செவிலியர் ஊசி போடுவார், காயம் துடைப்பார். சோறூட்டுவதும் வாய் கொப்பளிக்க வைப்பதும் குடும்பத்தின் பொறுப்பு என்பது அங்கே எழுதாத வழக்கம். நம் அரசு மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு இது அதிர்ச்சி. மகன் லீட்ஸில், மகள் பிரிஸ்டலில். துணைக்கு இருப்பது எண்பதைத் தாண்டிய மனைவி. அவருக்கும் முழங்கால் வலி, ஸ்பானியமும் தெரியாது. அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

மொழியைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு வாழ்ந்தும் ஸ்பானியத்தில் 'வணக்கம்', 'ஒரு பீர்' தாண்டாதவர்களை நான் குறை சொல்லாமல் இருக்க முடியாது. எல்லாக் கடையிலும் ஆங்கிலம் கிடைக்கும் ஊரில் அது தேவைப்படவில்லை என்பார்கள். வலி எங்கே, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி என்று மருத்துவரிடம் சொல்லும் நாளில் தேவைப்படும். தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து உதவுகிறார்கள், பெரும் புண்ணியம். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர்களும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதுமையில் வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளர் உதவிக்கு ஸ்பெயினில் 2006-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு ஐந்தாண்டு சட்டப்படியான குடியிருப்பைக் காட்ட வேண்டும். அதில் விண்ணப்பத்துக்கு உடனே முந்தைய இரண்டாண்டும் அடங்க வேண்டும். மறுபடியும் காகிதம். சரி, ஊருக்கே திரும்பலாம் என்றால் அங்கே விற்ற வீட்டின் விலை இதற்குள் எங்கோ போயிருக்கும். ஸ்பெயின் வீட்டை விற்ற பணத்தில் இங்கிலாந்தில் மறுபடி ஒரு வீடு வாங்குவது பலருக்கு முடியாத காரியம். அரசு உதவி கேட்டால், இங்கேதான் வாழப்போகிறேன் என்று சொந்த நாட்டிலேயே நிரூபிக்கச் சொல்வார்கள்.

மரணத்திலும் ஊர் வழக்கம் வேறு. இங்கிலாந்தில் இறுதிச் சடங்குக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஸ்பெயினில் 24 மணி நேரம் கழிய வேண்டும் என்பது விதி. அதற்குப் பின் ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். பிள்ளைகள் விமானச் சீட்டு எடுப்பதற்குள் அடக்கம் நடந்திருக்கும். புதைப்பதும் பெரும்பாலும் மண்ணில் அல்ல, சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் மாடங்களில். அதற்கும் பல இடங்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் உரிமை. இறந்தவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கு முடங்கும். ஸ்பானியச் சட்டப்படி சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு என்பதால், உயில் எழுதாத வீட்டில் மனைவி திகைத்து நிற்பார். 2015 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதியின்படி, சொந்த நாட்டுச் சட்டமே என் சொத்துக்குப் பொருந்த வேண்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் போனவர்கள் பலர்.

மணியடித்தால் வரும் பையன் எங்கே குடியிருப்பான்?

இதுவரை குடியேறியவரின் துயரம். அவருக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் இருபத்தைந்து வயது ஸ்பானியப் பையனுக்கும் ஒரு துயரம் உண்டு. எனக்கு அதுதான் இன்னும் கனமாகத் தெரிகிறது.

2025-ல் ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளம் 1,184 யூரோ, ஆண்டுக்குப் பதினான்கு தவணை. கடற்கரை நகரங்களில் ஹோட்டல் ஊழியர் பலரின் வருமானம் இதைச் சுற்றித்தான். அலிக்காந்தே மாகாணத்தில் விற்கும் வீடுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் வெளிநாட்டவர் வாங்குகிறார்கள். அந்தப் பையன் பெற்றோர் வீட்டிலேயே முப்பது வயதைத் தொடுகிறான். இபிசா தீவில் நிலைமை இன்னும் மோசம். பருவகால வேலைக்கு வந்தவர்கள் கூடாரங்களிலும் வேன்களிலும் உறங்கி எழுந்து ஹோட்டலுக்குப் போய்ப் பிறர் படுக்கையை விரிக்கிறார்கள்.

2024-ல் 9.38 கோடி வெளிநாட்டுப் பயணிகள் ஸ்பெயினுக்கு வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகை ஐந்து கோடிக்கும் குறைவு. அந்த ஏப்ரலில் கனாரித் தீவுகளிலும் ஜூன் 29-ல் மாலகாவிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கேட்டது ஒன்றுதான்: சொந்த ஊரில் வாழ இடம். 2025 ஜனவரியில் பிரதமர் பெத்ரோ சான்செஸ் ஒரு யோசனையை அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர், ஸ்பெயினில் குடியிருக்காதவர் அங்கே வீடு வாங்கினால் வீட்டு விலைக்குச் சமமான அளவு வரை வரி. 2023-ல் மட்டும் இப்படிப்பட்டவர்கள் 27,000 வீடுகள் வாங்கினார்கள் என்றார்.

இந்தக் கோபத்தில் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. பன்னிரண்டு மாதமும் ஊரில் இருந்து, ஜனவரியிலும் மீன் வாங்கி, மருந்துக்கடைக்காரரைப் பெயர் சொல்லி அழைக்கும் முதியவர் ஊருக்குப் பாரமல்ல. ஆண்டில் மூன்று வாரம் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடும், வாரவாரம் கைமாறும் சுற்றுலா வாடகை வீடுமே பாரம். அப்படி ஊரோடு வாழ்பவரும் ஊருக்கு ஒரு கடன் பட்டிருக்கிறார்: பதிவேட்டில் பெயர் எழுதுவது. மத்திய அரசு நகராட்சிக்குத் தரும் பணம் பத்ரோனில் உள்ள தலைக்கணக்குப்படிதான். மருத்துவர் எத்தனை, காவலர் எத்தனை என்ற திட்டங்களும் அந்த எண்ணைப் பார்த்தே. பெயர் எழுதாமல் ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் மருத்துவரும் மற்ற வசதிகளும் அந்த ஐயாயிரம் பேரை விட்டுவிட்டுத்தான் ஒதுக்கப்படும். நெரிசலில் முதலில் திட்டு வாங்குபவரும் வெளிநாட்டவரே.

■ பெட்டிச் செய்தி: காதில் விழும் சொற்கள்

வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரரை ஸ்பானியர் 'கிரி' என்பார்கள். கேலியும் செல்லமும் கலந்த சொல். அலுவலக வேலைகளை நமக்காக முடித்துத் தருபவர் 'ஹெஸ்தோர்'. எந்த அலுவலகத்துக்கும் முதலில் வேண்டியது 'சிதா பிரேவியா', அதாவது முன்கூட்டியே பெறும் நேரம். இலவசமாகக் கிடைக்க வேண்டிய இந்த நேரத்தை மொத்தமாகப் பிடித்து விற்ற கும்பல்களைப் போலீஸ் கைது செய்திருக்கிறது. பெனிடோர்ம் பக்கம் ஸ்பானியத்தோடு வலென்சியானோவும் ஆட்சிமொழி. பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் இரண்டையும் படிக்கும். ஸ்பானியக் குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டு வாசமும், மொழித் தேர்வும், நாட்டறிவுத் தேர்வும் வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு

தமிழ் வாசகர்களிலும் சிலருக்கு வெளிநாட்டுக் கடலோரத்தில் ஒரு வீடு என்ற எண்ணம் இருக்கலாம். பார்ப்பதென்றால் ஜூலையில் பார்க்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மாதம் வாடகைக்கு இருங்கள். கடைகள் பாதி மூடியிருக்கும் அந்த மாதங்களில் ஊர் தன் முகத்தைக் காட்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்தப் பேருந்து போகிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள். விற்பவர் காட்டாத வக்கீலை நீங்களே தேடுங்கள். மொழி வகுப்பில் கிளம்புவதற்கு முன்பே சேருங்கள்.

குடியேறியாயிற்று என்றால், வீட்டுக்குத் திரைச்சீலை வாங்குவதற்கு முன் நகராட்சிக்குப் போய் பத்ரோனில் பெயர் எழுதுங்கள். கடவுச்சீட்டும், வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ போதும். நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர் எழுதக் கட்டணம் கிடையாது.